சுவர் மூச்சு விடட்டும்

பிரஷ் மேலிருந்து கீழே வருகிறது. டப்பாவின் விளிம்பில் ஒருமுறை வழித்துக்கொண்டு மறுபடி மேலே போகிறது. பத்து மணியிலிருந்து இதே சத்தம்தான். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாலும் தண்ணீருக்கு அடியில் அது கேட்கிறது. நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருதயராஜ் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். காலையில் வந்ததும் அவரே கேட்டார். “அக்கா, இந்தக் கோட்டிங் அடிச்சாச்சுன்னா, பின்னாடி பூசணும்னு ஆசைப்பட்டாலும் சிமெண்ட் பிடிக்காது. மொத்தத்தையும் கொத்தி விட்டுத்தான் பூசணும். எதுக்கும் சாரை ஒருக்காக் கேட்டுக்குங்க.” கேட்டேன். “அது எப்பவோ முடிவு பண்ணினதுதானே கோகிலா” என்றார் என் கணவர் மோகனசுந்தரம், ஆபீசிலிருந்து. ஒன்றையே இரண்டாவது முறை கேட்டால் அவர் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். தாழ்த்தினார். நான் போனை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். அடுத்த பத்தாவது நிமிடம் அப்பா கூப்பிட்டார். “பஸ் ஏறீட்டேன் கண்ணு. பன்னண்டரைக்கெல்லாம் வந்தர்றேன். நீ ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், ஆட்டோ புடிச்சுக்கறேன்.” தாராபுரத்திலிருந்து இரண்டரை மணி நேரம். கிரகப்பிரவேசத்துக்கு அப்பா வரவில்லை. அந்த வாரம்தான் அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது, புகை ஆகாது, தூசி ஆகாது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணிக்குக் கிளிப் போட்டிருப்பதுகூடத் தெரிகிறதாம். அந்தக் கண்ணோடுதான் வருகிறார். வந்து, வாசல்படி தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் நேர் எதிரே ஹாலின் மேற்குச் சுவர், பதினான்கு அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம், முழுக்கப் பூசாத செங்கல்.

வீட்டுக்கு ஒரு கேரக்டர் வேணும் மேடம் என்று அந்த ஆர்க்கிடெக்ட் பெண்தான் முதலில் சொன்னாள். முப்பது வயதுகூட இருக்காது, காதில் பெரிய மண் தோடு போட்டிருந்தாள், பேசும்போது கையால் சுவரைத் தடவினாள், இன்னும் கட்டாத சுவரை, காற்றில். எல்லாப் பக்கமும் பூசி பட்டி பார்த்து வெள்ளையடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுமாம். ஒரு சுவரை மட்டும் அப்படியே விட்டுவிட்டால் வீடு புதிதாகத் தெரியாதாம், வாழ்ந்த வீடாகத் தெரியுமாம். “சுவர் மூச்சு விடும் மேடம்” என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று பார்த்தேன். படித்திருப்பாள். கொத்தனார் ஆறுமுகத்துக்கு இந்த விவகாரம் கடைசி வரை பிடிபடவில்லை. அந்தச் சுவருக்கென்றே ஒரு லாரி செங்கல் தனியாக வந்தது, ஓரம் உடைந்ததும் கருகியதுமாகப் பொறுக்கி எடுத்தது, மற்றதைவிட விலை கூட. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரு நாள் வேலைங்கம்மா. கூலி வேண்டாம், நானே பூசி விட்டர்றேன், பாக்கச் சகிக்கல” என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, மோகனசுந்தரத்துக்கு மட்டும் புரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன், வேண்டாமே, எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அவர் தயிரைப் பிசைந்துகொண்டே பொறுமையாகச் சொன்னார்: “அது வேற, இது வேற கோகிலா. உங்க வீட்டுல இல்லாம விட்டாங்க. நாம இருந்தும் விடறோம். அதுலதான் அழகே இருக்கு.” இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் தப்பு இல்லை. தப்பே இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் இல்லாமல்தான் விட்டார்கள். அப்பா மில்லில் டைம்கீப்பராக இருந்தார், நான் ஆறாவது படிக்கும்போது வீடு கட்டினார், மேலே ஓட்டுக்குப் பதில் தளம் போட்டார், அதில் தெருவுக்கே பெருமை. பூச்சுக்கு மணல் கொண்டுவந்து கொட்டின வாரம் மில்லை மூடினார்கள். மணலில் கொஞ்ச நாள் நாங்கள் விளையாடினோம், பிறகு நாய் படுத்தது, பிறகு மழை கொண்டுபோனது. பூசாத வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், செங்கல் சும்மா இருக்காது. எந்நேரமும் உதிரும். கூட்டிவிட்டு வந்தால் பத்து நிமிடத்தில் சுவரோரம் சிவப்பாக ஒரு கோடு. சாரம் கட்டின பொந்துகளை யாரும் அடைக்கவில்லை, ஒன்றில் குருவி, ஒன்றில் குளவி, கைக்கெட்டுகிற ஒன்றில் அம்மா தலைவாரும்போது விழுகிற முடியைச் சுருட்டிச் சுருட்டி வைப்பாள், ஊசி பாசி விற்கிறவளிடம் மாற்றுவதற்கு. ஹாலில் எட்டு காலண்டர்கள் தொங்கின, தேதிக்காக அல்ல. வருடம் முடிந்தாலும் அம்மா எதையும் கழற்ற மாட்டாள். சுண்ணாம்பையாவது அடிக்கலாமே என்று ஒருமுறை கேட்டதற்கு அப்பா, “பூசாத செவுத்துல சுண்ணாம்படிச்சா மறைக்கறோம்னு தெரிஞ்சிரும்” என்றார். அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். எனக்கு வெள்ளைச் சட்டை, பச்சைப் பாவாடை. மறந்துபோய் ஒரு நொடி சாய்ந்தால் போதும், முதுகு முழுக்கச் செங்கல் பொடி, அது தட்டினால் போகாது, தட்டத் தட்டத் துணிக்குள் இறங்கும். பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுக்காரிகள் என் முதுகைப் பார்த்துத்தான் என்னைத் தெரிந்துவைத்திருந்தார்கள். செவுறு வந்துட்டா என்பார்கள். இன்றைக்கும் நான் எந்தச் சுவரிலும் சாய்வதில்லை. பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், பிரசவ வலியில்கூட, நின்றால் நடுவில் நிற்பேன். கல்யாணமான புதிதில் மாமியார், “என்ன இவ, போலீஸ்காரி மாதிரியே நிக்கறா” என்று சிரித்தாள்.

யாராவது வீட்டுக்கு வந்து, இன்னும் பூசலையா என்று கேட்டால் அப்பாவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். “செங்கல் ஆறணுமுங்க. செவுறு கொஞ்ச நாள் மூச்சு விடட்டும். உடனே பூசினா வெடிச்சுப் போயிரும்.” முதல் வருடம் கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மூன்றாவது வருடம் அவர் அதைச் சொல்லும்போது வந்தவர்கள் காலண்டரைப் பார்த்தார்கள். எங்களுக்கென்று தனிப் பதில்: தை வரட்டும். எப்பப்பா பூசுவீங்க? தை வரட்டும் கண்ணு. நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி தினமும் கேட்டேன். அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போடும்போது கேட்டேன், சட்டையைக் கழற்றும்போது கேட்டேன். அப்போது அவர் ஒரு அரிசி மண்டியில் கணக்கெழுதப் போய்க்கொண்டிருந்தார், வரும்போது தலையெல்லாம் தவிடு. எட்டாவது படிக்கிற ஒரு நாள், மில்லில் அவருடன் வேலை பார்த்த ஒருவர் வந்திருந்தார், கூட அவர் மனைவி. அப்பா ஆரம்பித்தார், செவுறு மூச்சு விடட்டும்னு. நான் சொன்னேன், “பொய். காசில்ல.” அவ்வளவுதான். வந்தவர் டம்ளரைப் பார்த்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். அப்பா சிரித்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்ற எனக்கு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் எங்கேயோ வேலை நடக்கிற இடத்திலிருந்து அரை வாளி சிமெண்ட் கலவையைக் கேட்டு வாங்கிச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அவருக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது. நான் படிக்க உட்காருகிற மூலையில், தரையிலிருந்து என் தலை உயரத்துக்கு, என் முதுகு அகலத்துக்கு, கையாலேயே பூசினார். புடைத்துக்கொண்டு, அவர் விரல் பதிந்து, ஒரு சாம்பல் நிறத் துண்டு. “இனி இங்க சாஞ்சுக்கலாம் கண்ணு” என்றார். செங்கலையாவது பொறுத்துக்கொண்டேன். அந்தத் துண்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டில் எவ்வளவு பூசவில்லை என்பதை அதுதான் காட்டிக்கொடுத்தது. நான் ஒருநாள்கூட அதில் சாயவில்லை. அவர் ஒருநாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

வெங்காயத்தை ஏன் இவ்வளவு உரித்தேன். மூன்று பேர் சாப்பாட்டுக்கு ஒரு கல்யாணத்துக்கு ஆகிற வெங்காயம். பதினொன்றே முக்கால். இருதயராஜ் ஏணியை நகர்த்தி வைக்கிறார், முக்கால்வாசி முடிந்துவிட்டது, அடித்த இடம் ஈரமாக, கருஞ்சிவப்பாக, இப்போதுதான் மழை நின்ற மாதிரி இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே இரண்டு விளக்கு வைத்திருக்கிறார்கள், போட்டால் ஒவ்வொரு செங்கலுக்கும் ஒரு நிழல் விழும். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மோகனசுந்தரம் தாம்பூலப் பையைக் கொடுத்துக்கொண்டே எல்லாரிடமும் சொன்னார்: “எங்க மாமனார்தாங்க இதுல முன்னோடி. இப்பத்தான் இதுக்கு எக்ஸ்போஸ்டு பிரிக்னு பேரு வெச்சிருக்காங்க, அவரு முப்பது வருசம் முன்னாலயே வெச்சுட்டாரு.” நல்ல தமாஷ். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது தமாஷும் உண்டு, அது சொந்தக்காரர்களுக்கு மட்டும்: “நான் பொண்ணு பாத்தது ஒரு வீட்டுல, கட்டிக்கிட்டது வேற வீட்டுல.” அதுவும் உண்மைதான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா பக்கத்துக் கம்பவுண்டர் வீட்டைக் கேட்டு வாங்கினார், ஒரு சாயங்காலத்துக்கு. அவர்கள் ஹாலில், அவர்கள் சோபாவில், அவர்கள் சாமி படத்துக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். நான் எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய் அவர்கள் சமையலறை வழியாகக் காபித் தட்டோடு வந்தேன். கம்பவுண்டர் பெண்டாட்டி என் முதுகைத் தட்டிவிட்டாள், ஒன்றும் இல்லாத இடத்தில். தலை தீபாவளிக்கு முன்னால் மில் கணக்குத் தீர்ந்து கொஞ்சம் பணம் வந்தது, அப்பா முன்பக்கம் மட்டும் பூசினார். மாப்பிள்ளை தெருவிலிருந்து பார்க்கிற ஒரு பக்கம். மோகனசுந்தரம் கை கழுவக் கொல்லைப்புறம் போனார், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்காகத்தான் நான் அவரை நம்பினேன். இருபத்து மூன்று வருடம் அதைப் பத்திரமாக வைத்திருந்து, கிரகப்பிரவேசத்தில் எடுத்துப் பந்தியில் பரிமாறினார். நான் என்ன செய்தேன். நான் பட்டுப்புடவையில் அந்தச் சுவர் முன்னால் நின்று போட்டோவுக்குச் சிரித்தேன், சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளி நின்று.

ஆனால் இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பெரிது நான் அப்பாவிடம் சொன்ன பொய். வீடு கட்டுகிற ஒன்றரை வருடமும் அவர் போனில் கேட்டது ஒன்றுதான். எத்தனை அறை என்று கேட்கவில்லை, மாடி உண்டா என்று கேட்கவில்லை. “பூச்சு முடிஞ்சுதா கண்ணு?” முடிஞ்சுதுங்ப்பா. “உள்ளே வெளியே ரெண்டுமா?” ரெண்டும்தாங்ப்பா. “நாலு பக்கமும்?” நாலு பக்கமும். “அது போதும். கட்டறது பெருசில்ல, நின்னுபோகாம பூசி முடிக்கறதுதான் பெருசு.” தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார், எம் மக வீடு, குடி போறதுக்கு முன்னாலயே நாலு பக்கமும் பூச்சு முடிஞ்சுது என்று. அவர் வீட்டில் இன்னமும் மூன்று பக்கம் செங்கல்தான், அந்தச் சாம்பல் துண்டும் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில்தான் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். இன்றைக்கு அவரிடம் என்ன சொல்வது. அப்பா, இது வேண்டுமென்றே விட்டது. இது அழகு. இதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், தடவிப் பார்க்கிறார்கள், இதற்குப் பூச்சைவிடச் செலவு அதிகம். சொல்லலாம். சொன்னால் அவர் நம்புவார், நம்பிய பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. என் கல்யாணம் வரைக்கும் பதினோரு வருடம் அவரும் அம்மாவும் எட்டுக் காலண்டரால் மறைத்தது ஒரு அலங்காரம் என்று ஆகும். மறைக்கத் தேவையே இருந்திருக்கவில்லை என்று ஆகும். அம்மா செத்துப்போய்விட்டாள், அவளிடம் யார் போய்ச் சொல்வது. இல்லையென்றால் நிறுத்துங்க என்று சொல்லலாம், ஆறுமுகத்துக்குப் போன் செய்தால் நாளைக்கே வந்து அடித்ததைக் கொத்திவிட்டுப் பூசிவிடுவார், கூலிகூட வேண்டாம் என்றாரே. சொல்லத்தான் போகிறேன். ஹாலுக்குப் போகிறேன். இருதயராஜ் திரும்பிப் பார்க்கிறார். “என்னக்கா, வாசம் தலைவலிக்குதா?” “இல்ல. டீ போடட்டுமா?” “போடுங்க” என்கிறார். இப்படித்தான் எல்லாவற்றுக்கும் நான் டீ போட்டிருக்கிறேன்.

ஆட்டோ நிற்கிற சத்தம். அப்பா மஞ்சள் பையோடு இறங்குகிறார், வெள்ளைச் சட்டை, ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. “நல்லா உசரமா போட்டிருக்கீங்க” என்று வாசல்படியைப் பார்த்துச் சொல்கிறார். வலது காலை எடுத்து வைக்கிறார். நிமிர்கிறார், கண்ணாடியைக் கழற்றுகிறார். நான் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். ஒரு விநாடி. அதற்குள் பார்வையை எடுத்துவிட்டார். மேலே ஃபேனைப் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார், “டைல்ஸ் வழுக்காதில்ல?” என்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் எப்படிப் பார்வையை எடுத்தார்களோ, அதே மாதிரி. அவர்களிலும் நல்லவர்கள் எடுத்த மாதிரி. நாற்காலியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்கிறார். தண்ணீர் கொடுக்கிறேன். அவர் குடித்துவிட்டு, இருதயராஜைக் கேட்கிறார். “என்ன தம்பி அடிக்கறீங்க? கலரே காணமே.” “கலரு இல்லீங்கய்யா, கோட்டிங். இதை அடிச்சுட்டா செங்கப்பொடி உதிராது. சட்டை பட்டாலும் ஒட்டாது.” “ஒட்டாதா?” “சுத்தமா ஒட்டாதுங்க.” அப்பா எழுந்து போய், காய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, எடுத்து, கையைத் திருப்பிப் பார்க்கிறார். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறார். “இது எத்தன வருசமா விக்குது தம்பி?” “தெரியலீங்கய்யா. இருக்கும் ரொம்ப நாளா. நம்ம பக்கம் இப்பத்தான் வருது.” “ஓகோ” என்கிறார். வந்து உட்கார்ந்தவர், அந்தக் கையை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குள் மோகனசுந்தரம் சாப்பிட வந்துவிட்டார். “வாங்க மாமா. கண்ணு எப்படி இருக்கு?” “எல்லாம் நல்லாத் தெரியுதுங் மாப்ள.” “செவுத்தைப் பாத்தீங்களா? சும்மா விடல, வேணும்னேதான் விட்டிருக்கோம். செவுறு மூச்சு விடணும் மாமா.” அப்பா நிமிர்ந்து பார்க்கிறார். மோகனசுந்தரத்தை அவர் இதுவரை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை, அவ்வளவு பிரியமாக, சொந்த மகனைப் பார்க்கிற மாதிரி. “ஆமாங் மாப்ள” என்கிறார். “மூச்சு விடட்டும். உடனே பூசினா வெடிச்சுப் போயிரும். அவசரமே இல்ல.” மோகனசுந்தரத்துக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா கோகிலா, மாமாவுக்குத் தெரியுது. நீங்கதான மாமா இதுல முன்னோடி” என்று அந்தத் தமாஷை முழுசாகச் சொல்லி முடிக்கிறார். அப்பா சிரிக்கிறார். கஷ்டத்தில் இருக்கிறவன் அதை மறைக்கச் சொல்லுகிற தமாஷுக்குக் கூட இருக்கிறவன் சிரித்தாக வேண்டுமில்லையா, அப்படிச் சிரிக்கிறார். மோகனசுந்தரம் கை கழுவப் போகிறார். அப்பா எழுந்து சமையலறை வாசலுக்கு வந்து, சுவரில் படாமல் நடுவில் நிற்கிறார். நானும் நடுவில் நிற்கிறேன். “கண்ணு.” “என்னங்ப்பா.” குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். “எப்பப் பூசுவீங்க எப்பப் பூசுவீங்கன்னு மாப்ளைகிட்டக் கேட்டுட்டே இருக்காத சாமி. ஆம்பளைக்கு அது ரொம்பச் சங்கடம். வெளிய காட்டிக்க மாட்டாங்க.” வாயைத் திறக்கிறேன். இப்போது சொல்லிவிடலாம், ஒரே வாக்கியம்தான், இது வேற அது வேற அப்பா. அவர் உள்ளங்கையை இன்னமும் விரித்தே வைத்திருக்கிறார். “கேக்கறதில்லீங்ப்பா” என்கிறேன். “அவரா என்ன சொல்றாரு?” “தை வரட்டும்னு சொல்றாருங்ப்பா.” அப்பா தலையை ஆட்டுகிறார். “வரட்டும், வரட்டும்” என்கிறார். ஹாலில் இருதயராஜ் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, மிச்சமிருக்கிற அடி வரிசையில் பிரஷை இழுக்கிறார்.